ஸ்கேலை எங்கே வைப்பது? மிடி கீபோர்டால் சீக்வென்சரை ஆட்டிவைக்கச் சில வழிகள்

ஹார்ட்வேர் சீக்வென்சர் (நோட்டுகளைப் பதிந்து வைத்தால் திரும்பத் திரும்ப வாசிக்கிற பெட்டி) வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கும் ஓர் ஆசை வந்துவிடும். அதில் பதிந்த நோட் வரிசை, அதாவது பேட்டர்ன், தன்பாட்டுக்கு ஓடட்டும். பக்கத்தில் இருக்கிற மிடி கீபோர்டில் (மிடி என்பது கருவிகள் நோட்டுகளை எண்களாக அனுப்பிக்கொள்ளும் முறை) ஒரு கீயைத் தட்டினால் ராகம் மாற வேண்டும். சென்னையில் இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மேளகர்த்தா 72 என்பதைக் காதில் போட்டுக்கொண்டே வளர்ந்தவர், ஆர்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே இருக்கிற ஸ்கேல்கள், அதாவது ஸ்வர வரிசைகள்: மேஜர், மைனர், டோரியன், மிக்ஸோலிடியன், ஹார்மோனிக் மைனர், ப்ளூஸ். சரி, சங்கராபரணம், நடபைரவி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, கீரவாணி வந்தாச்சு. பாட்டு கிளாஸில் முதல் நாள் சொல்லித் தருகிற மாயாமாளவகௌளை எங்கே? அது 'யூசர்' என்ற இடத்தில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது.

ஆனால் எத்தனை ஸ்கேல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குவது தப்பான கணக்கு. ஸ்கேல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கீபோர்டிலா, சீக்வென்சரிலா, சீக்வென்சரைத் தாண்டி, சத்தம் எழுப்புகிற சின்தசைசருக்குப் போகிற வழியிலா? எந்த வேலை நடக்கும், எது நடக்காது என்பது அதை வைத்தே முடிவாகிவிடும்.

முதலில், உங்களுக்கு வேண்டியது எது?

'கீபோர்டால் ஸ்கேலை மாற்றணும்' என்று சொல்கிறவர்களிடம் விசாரித்தால் மூன்று வெவ்வேறு வேலைகள் வெளியே வரும்.

ஒன்று, சுருதி மாற்றுவது. பாடுகிறவர் ஒரு கட்டை. மிடியில் அது 60-ஆம் எண் நோட். அடுத்த பாட்டுக்கு வருகிற பாடகி ஐந்தரைக் கட்டை. எல்லா நோட்டையும் நாலு ஸ்தானம் (கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து நாலு கீ) கீழே இறக்க வேண்டும், அல்லது எட்டு ஸ்தானம் மேலே ஏற்ற வேண்டும். ராகம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, ராகம் மாற்றுவது. ச அதே இடத்தில் நிற்கும், மற்ற ஸ்வரங்கள் மாறும்.

மூன்றாவதுதான் குழப்பத்துக்கு ஊற்றுக்கண்: சுருதியும் ராகமும் மாறாமல், பேட்டர்னை மட்டும் ராகத்துக்குள்ளேயே மேலே கீழே நகர்த்துவது. மோகனத்தில் 'ச ரி க ப' என்று நாலு ஸ்டெப் (பேட்டர்னில் ஒரு நோட்டுக்கான இடம்) போட்டு ஓடவிட்டிருக்கிறீர்கள், தம்புரா பின்னால் ச-ப பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டில் ரி-யைத் தட்டுகிறீர்கள். சாதாரண டிரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் இரண்டு ஸ்தானம் தூக்கும். 60, 62, 64, 67 என்று இருந்தது 62, 64, 66, 69 ஆகிவிடும். அந்த 66 பிரதி மத்யமம். மோகனத்தில் எந்த மத்யமமும் கிடையாது, அதிலும் பிரதி மத்யமம் வந்து நின்றால் தம்புராவோடு சேர்த்துக் கேட்கவே வேண்டாம். ஸ்கேலை அறிந்து நகர்த்துகிற பெட்டியோ, 62, 64, 67, 69 என்று கொடுக்கும். அதாவது 'ரி க ப த'. வித்தியாசம் ஒரே ஒரு நோட்தான், ஆனால் கச்சேரி அந்த ஒரு நோட்டில்தான் கெடும்.

பல கருவிகளின் விளம்பரத்தில் 'டிரான்ஸ்போஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். இரண்டில் எது என்று சொல்லியிருக்காது. அதனால் கீழே ஒவ்வொரு வழியைப் பார்க்கும்போதும் இந்த மோகனம் சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்வென்சரின் சொந்த ஸ்கேல்

பெரும்பாலானோர் முதலில் தொடுவது இதைத்தான், தொட வேண்டியதும் இதைத்தான். கூடுதல் செலவில்லை, கூடுதல் வயர் இல்லை. நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸில் 16 ஸ்கேல் வகைகள் இருக்கின்றன. பீட்ஸ்டெப் ப்ரோவில் யூசர் ஸ்கேல் உண்டு. கீஸ்டெப் ப்ரோ என்றால் 37 கீயும் நாலு டிராக் சீக்வென்சரும் ஒரே உடம்பில் இருப்பதால், தனிக் கீபோர்ட் வேண்டுமா என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், 'ஸ்கேல் உண்டு' என்ற வார்த்தைக்குள் பல விதமான ஸ்கேல் ஒளிந்திருக்கிறது. சில பெட்டிகளில் ஸ்கேல் என்பது அந்தப் பெட்டியின் மேல் உள்ள பேடுகளையோ குமிழ்களையோ கட்டுப்படுத்துவது மட்டும்தான். வெளியிலிருந்து மிடி இன் வழியாக வரும் நோட்டுகள் அந்தச் சல்லடையில் விழாமல் நேராகப் பதிவாகிவிடும். வேறு சிலவற்றில் பதிவான பிறகு ஸ்கேலை மாற்றினால் பழைய நோட்டுகள் தொடப்படாது, புதிதாக வாசிப்பது மட்டும் மாறும். இன்னும் சிலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிற பேட்டர்னே புது ஸ்கேலுக்குத் தாவும். மூன்றும் மூன்று கருவி மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க மேனுவலில் அரை நாள் செலவழிக்க வேண்டாம். வெளிக் கீபோர்டிலிருந்து ச முதல் நி வரை வெள்ளைக் கீகளை ஏழு ஸ்டெப்பில் பதியுங்கள். ஓடவிட்டு ஸ்கேலை மைனருக்குத் திருப்புங்கள். காந்தாரம் இறங்கினால், பதிவானதும் மாறுகிறது. இறங்கவில்லை என்றால், மைனரிலேயே வைத்துக்கொண்டு கீபோர்டில் அந்தக் காந்தாரத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். அப்போதும் மேஜர் காந்தாரமே கேட்டால், உங்கள் கீபோர்டை அந்த ஸ்கேல் கண்டுகொள்வதே இல்லை.

நம்மூரில் கீபோர்டைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். சீக்வென்சர் பெரும்பாலும் ஆர்டர் போட்டு வரவழைப்பதுதான், காட்சிக்கு இருப்பது அரிது. ஆகவே வாங்குவதற்கு முன்பே மேனுவலை இறக்கி வைத்துக்கொண்டு, டிரான்ஸ்போஸ் என்ற பகுதியையும் மிடி இன் என்ற பகுதியையும் மட்டும் படித்துவிடுவது நல்லது. டிரான்ஸ்போஸுக்கென்று தனி மிடி சேனல் ஒதுக்க முடியுமா என்றும் பாருங்கள். முடிந்தால் கீபோர்டின் இடது பாதியை அந்தச் சேனலுக்குக் கொடுத்துவிட்டு, வலது பாதியில் நிம்மதியாக மெலடி வாசிக்கலாம்.

ஸ்கேல் உள்ள கீபோர்ட்

நோவேஷன் லாஞ்ச்கீ வரிசை, ஆர்டூரியா கீஸ்டெப் 37 போன்றவற்றில் கீபோர்டிலேயே ஸ்கேல் இருக்கிறது. தப்பான கீயைத் தொட்டால் பக்கத்து ஸ்வரத்துக்குத் தள்ளிவிடும், அல்லது சத்தமே வராது, அல்லது வெள்ளைக் கீகளிலேயே ராகம் முழுவதையும் வரிசையாக அடுக்கிக் கொடுக்கும். எது என்பது மாடலைப் பொறுத்தது. கீபோர்ட் கற்காத, ஆனால் மெட்டுப் போடத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் கடைசி வகை நிஜமாகவே உதவும்.

ஆனால் நாம் பேசுகிற விஷயத்துக்கு இது விடை இல்லை. கீபோர்டில் இருக்கிற ஸ்கேல் உங்கள் விரலைத் தாண்டிப் போகாது. சீக்வென்சருக்குள் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் பேட்டர்னுக்கு இது நடந்ததே தெரியாது. நீங்கள் கீபோர்டில் கீரவாணிக்கு மாறினாலும் பேஸ் லைன் சங்கராபரணத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 'ஸ்கேல் மோட் இருக்கே' என்று இதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பதிவு செய்கிற நேரத்தில் நோட் சுத்தமாகப் போக வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் மட்டும் இதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: கீபோர்டிலும் ஸ்கேல், சீக்வென்சரிலும் ஸ்கேல் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு வைக்காதீர்கள். ஒன்று தள்ளிய நோட்டை இன்னொன்று மறுபடி தள்ளும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் ஒரு மிடி பெட்டி

ஓடுகிற பேட்டர்னின் ராகத்தை மேடையில் மாற்றியே தீர வேண்டும், உங்கள் சீக்வென்சர் அதைச் செய்யாது என்றால் வழி இதுதான். சீக்வென்சரிலிருந்து வெளியே வரும் மிடி, சின்தசைசருக்குப் போகும் முன் ஒரு பெட்டி வழியாகப் போகும். ப்ளோகாஸ் மிடிஹப் இந்த வகை; நாலு இன், நாலு அவுட், உள்ளே நோட்டுகளை ஸ்கேலுக்குத் திருப்புகிற வசதி, எட்டு ப்ரீசெட் இடங்கள். கம்ப்யூட்டரில் ஒரு முறை அமைத்துவிட்டால் பிறகு கம்ப்யூட்டர் இல்லாமலே இயங்கும். கீபோர்ட் பெட்டிக்குக் கட்டளை அனுப்பும், பெட்டி ராகத்தை மாற்றும். சீக்வென்சருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் சறுக்குவது இதில்தான்.

சங்கராபரணத்தில் பதிந்த பேட்டர்னை மாயாமாளவகௌளைக்கு மாற்றுகிறீர்கள். மாற வேண்டியது ரி-யும் த-வும். ரி 62; புது ராகத்தில் 61 இருக்கிறது, 63 இல்லை. பக்கத்தில் இருப்பது 61 மட்டும்தான், ஆகவே பெட்டி சரியாக அங்கே இறக்கும். த 69-லிருந்து 68-க்கு. அதுவும் சரி. 'ஆஹா, வேலை செய்கிறதே' என்று சந்தோஷப்படுவீர்கள்.

இப்போது கரகரப்பிரியாவுக்கு மாற்றிப் பாருங்கள். காந்தாரம் 64. புது ராகத்தில் 63-உம் இருக்கிறது, 65-உம் இருக்கிறது. இரண்டும் ஒரே தூரம். பெட்டி மேலே தள்ளும் பழக்கம் உள்ளது என்றால் காந்தாரம் மத்யமமாகிவிடும். நிஷாதமும் அப்படியே: 71-க்கு 70-உம் 72-உம் சம தூரம், மேலே போனால் ஷட்ஜமம். 'ச ரி க ம ப த நி ச' என்று போட்டது 'ச ரி ம ம ப த ச ச' என்று வரும். ஒரு ஸ்வரம்கூட ராகத்துக்கு வெளியே இல்லை, ஆனால் கேட்கிறது கரகரப்பிரியா இல்லை. கீழே தள்ளும் பெட்டி என்றால் கரகரப்பிரியா சரியாக வரும். ஆனால் கல்யாணிக்குப் போனதும் 65-ஐ 66-க்கு ஏற்றாமல் 64-க்கு இறக்கி, மத்யமத்தைக் காந்தாரமாக்கிவிடும்.

ஆக, 'அருகில் உள்ள ஸ்வரத்துக்குத் தள்ளு' என்ற விதி நமக்கு ஒத்துவராது. நமக்கு வேண்டியது அட்டவணை: 12 ஸ்தானங்களில் ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று நாமே எழுதி வைப்பது. காந்தாரம் காந்தாரத்துக்கு, நிஷாதம் நிஷாதத்துக்கு. ஏபிள்டன் லைவில் உள்ள 'ஸ்கேல்' என்ற மிடி எஃபெக்ட் கட்டம் கட்டமாக இருப்பது இதற்காகத்தான். தனிப் பெட்டி வாங்குகிறீர்கள் என்றால் இப்படி நோட் நோட்டாக அமைக்க முடியுமா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

ஐந்து ஸ்வர ராகத்துக்குப் போனால் அட்டவணையும் கையைப் பிசையும். சங்கராபரணத்து மத்யமத்தையும் நிஷாதத்தையும் மோகனத்தில் எங்கே அனுப்புவது? ம-வை க-வுக்கோ ப-வுக்கோ அனுப்பினால் ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்டெப்பில் அடுத்தடுத்து வரும். அங்கே அந்த நோட்டை ஊமையாக்கி, தாளத்தில் ஓர் இடைவெளி விடுவது பெரும்பாலும் நன்றாக இருக்கும். இது காதுக்கான முடிவு, பெட்டி எடுக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். நோட் அழுத்திய பிறகு, விடுவதற்கு முன் ராகம் மாறினால், அழுத்தியது 64-க்கும் விட்டது 63-க்கும் போய்விடலாம். 64 நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும். நல்ல பெட்டிகள் இதை நினைவில் வைத்து அணைக்கும். இல்லாதவற்றுக்கு 'எல்லா நோட்டும் நிறுத்து' என்ற 123-ஆம் எண் கன்ட்ரோலை ஒரு பட்டனில் போட்டு வையுங்கள். அப்புறம், டிரம் போகிற சேனலை, வழக்கமாக 10, ஸ்கேலுக்குள் விடாதீர்கள். மாயாமாளவகௌளைக்கு மாறியதும் ஸ்னேர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ தட்டினால் காரணம் அதுதான்.

தாமதம் பற்றிக் கேட்பார்கள். 5 பின் மிடி (வட்ட முனை உள்ள பழைய வயர்) நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு நோட்டுக்கு மூன்று பைட், ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. நடுவில் ஒரு பெட்டி வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். ஒற்றை வரி பேட்டர்னில் இது யார் காதுக்கும் தெரியாது.

ஸ்கேலே இல்லாமல்

எனக்கு உண்மையில் பிடித்தது இது. ராகத்துக்கு ஒரு பேட்டர்ன் என்று தனித்தனியாகப் பதிந்துவிடுங்கள். கீபோர்டின் பேடிலிருந்து ப்ரோகிராம் சேஞ்ச் (எண்ணைச் சொல்லி மாறச் சொல்லும் மிடி கட்டளை) அனுப்பி பேட்டர்னை மாற்றுங்கள். பல சீக்வென்சர்கள் ஓடுகிற பேட்டர்ன் முடியும்வரை காத்திருந்து மாறும், அதனால் தாளமும் தவறாது. காசு செலவில்லை, நோட் சிக்கிக் கத்தாது, அட்டவணை எழுத வேண்டாம்.

முக்கியமாக, எந்த ஸ்கேல் பெட்டியாலும் முடியாத ஒன்று இதில் முடியும். பிலஹரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ச ரி க ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. ஸ்கேல் என்பது 'இந்த ஸ்வரம் உண்டா இல்லையா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். 'மேலே போகிறாயா கீழே வருகிறாயா' என்று அது கேட்பதே இல்லை. பிலஹரியை ஸ்கேலாகப் போட்டால் வெறும் சங்கராபரணம்தான் கிடைக்கும். கையால் பதிந்த பேட்டர்னில் ம-வும் நி-யும் இறங்கும்போது மட்டும் வரும்படி வைத்துக்கொள்ளலாம். ஸ்வரங்கள் நேர்வரிசையில் போகாத வக்ர ராகம் எதுவானாலும் இதே கதை. கமகம் வேண்டுமென்றாலும் கைப்பதிவுதான் கதி. ஸ்கேல் பெட்டிகள் நோட் எண்ணைத்தான் மாற்றும், நோட்டை வளைக்கிற பிட்ச் பெண்டைச் சும்மா கடத்திவிடும். தோடிக் காந்தாரத்தை எந்தச் சல்லடையிலும் சலித்து எடுக்க முடியாது.

குறை என்ன? எதிர்பாராத மாற்றத்துக்கு இடமில்லை. பாடகர் மேடையில் திடீரென்று வேறு ராகத்தில் விருத்தம் ஆரம்பித்தால் உங்களிடம் பேட்டர்ன் இல்லை. பாட்டு வரிசை முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிக்கு இது. வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்க்கிறவருக்கு நடுப்பெட்டி.

கம்ப்யூட்டர்

லேப்டாப்பை நடுவில் வைத்து ஏபிள்டன் லைவ் போன்ற ஒன்றில் இதை எல்லாம் செய்யலாம். எந்தப் பெட்டியையும்விட அதிகமாகவே செய்யலாம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றுதானே ஹார்ட்வேர் சீக்வென்சர் வாங்கினோம் என்ற ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. நடுப்பெட்டிக்குப் பணம் போடுவதற்கு முன், உங்களுக்கு அது நிஜமாகவே தேவையா என்று சில வாரம் சோதித்துப் பார்க்க லேப்டாப் நல்ல வழி.

இடையில் ஒன்று. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போல நம்மூர் மேடைகளில் காணும் கீபோர்டுகளில் 'ஸ்கேல் டியூன்' என்று ஒன்று இருக்கும். அது வேறு சமாச்சாரம். ஒவ்வொரு ஸ்தானத்தின் சுருதியையும் நூலளவு ஏற்றி இறக்குவது, அதுவும் அந்தக் கீபோர்டின் சொந்த ஒலிக்கு மட்டும். வெளியே போகும் நோட் எண் மாறாது, ஆகவே சீக்வென்சருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வயர்

என் முடிவைக் கேட்டால், சுருதி மாற்றமும் ராகத்துக்குள் நகர்த்தலும்தான் வேண்டும் என்பவர், மோகனம் சோதனையில் தேறுகிற சீக்வென்சரைப் பார்த்து வாங்கி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடுப்பெட்டியை அதற்குப் பிறகு யோசித்தால் போதும். ஆனால் எதை வாங்கினாலும் கீபோர்ட் அதோடு பேச வேண்டும், அங்கேதான் விலை குறைந்த கீபோர்டுகள் காலை வாரும். யுஎஸ்பி மட்டும் உள்ள கீபோர்ட், 5 பின் உள்ள சீக்வென்சரோடு நேராகச் சேராது. ஸ்க்வார்ப் ஹாபாக்ஸ் போல யுஎஸ்பி ஹோஸ்ட் (கம்ப்யூட்டர் இல்லாமலே யுஎஸ்பி கருவியை ஏற்கிற வசதி) உள்ள சீக்வென்சர் வேண்டும், அல்லது தனியாக ஒரு ஹோஸ்ட் பெட்டி வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற சாதாரண யுஎஸ்பி-மிடி வயர் கம்ப்யூட்டருக்கானது, ஹோஸ்ட் வேலையைச் செய்யாது. இரண்டு பக்கமும் முனை பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

3.5 மில்லிமீட்டர் ஜாக் வழியாக மிடி கொடுக்கும் பெட்டிகளில் இன்னொரு தொல்லை. 2018-இல் மிடி சங்கம் ஏ வகைதான் தரம் என்று அறிவிக்கும்வரை ஆளாளுக்கு ஒரு விதமாக வயர் போட்டார்கள். பீட்ஸ்டெப் ப்ரோ பி வகை. ஏ வகையில் ஜாக்கின் நுனி 5-ஆம் பின்னுக்கும் நடு வளையம் 4-ஆம் பின்னுக்கும் போகும். பி வகையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். வகை மாறிய அடாப்டரைச் செருகினால் எதுவும் புகையாது, நோட் மட்டும் வராது. சால்டரிங் தெரிந்தவரிடம் அந்த இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைக்கச் சொன்னால் பத்து நிமிட வேலை.

மேடைக்குப் போகிறவர்கள் முடிந்தவரை 5 பின்னையே பிடித்துக்கொள்ளுங்கள். அதில் மிடி இன் பக்கம் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்துகிற சின்னப் பாகம்) இருப்பதால் இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சேராது. யுஎஸ்பியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கல்யாண மண்டபத்து பிளக் பாயிண்டில் லேப்டாப் சார்ஜரையும் சின்தசைசரையும் செருகி, லேப்டாப்பையும் சின்தசைசரையும் யுஎஸ்பியால் இணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதே என்று மிக்சர்காரரைத் திட்டிப் பயனில்லை. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான்.